திறப்புத் தொழில் பழகப் போகும் பிள்ளைக்கு

ஓ.எல். பெறுபேறு வந்தால் எங்கள் கராஜ் வாசலில் வாகனங்களோடு தாய் தகப்பன்மாரும் வந்து நிற்பார்கள். "அண்ணை, கார்த் திறப்பு அடிக்கிற மெஷின் ஒண்டு எடுத்துக் குடுத்தா இவன் பிழைச்சிடுவான் தானே? சுவிஸில இருக்கிற மாமா காசு அனுப்புறன் எண்டு நிக்கிறார்." பெடியன் பக்கத்தில் நின்று போனில் அந்த மெஷினின் படத்தைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டுவான். சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நின்ற பெடியன்களுக்குப் போன் திருத்தும் கடை ஆசை. அதற்குப் பிறகு சிசிடிவி கமரா. யாரோ ஒருவன் நாலு காசு கண்டான் என்ற கதை புதுக்குடியிருப்பிலிருந்து விசுவமடு போய்ச் சேருவதற்குள் வழியில் உள்ள வீடுகளிலெல்லாம் அதே யோசனை முளைத்துவிடுகிறது. பிள்ளைக்கு எது ஏலும், எது பிடிக்கும் என்று கேட்கிறவர்கள் குறைவு.

வருகிற ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதை ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் லேசு.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. எங்கள் ஊரான உடையார்கட்டில் முன்பு ஓடினவை உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டரும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும். அவற்றின் திறப்புத் துலைந்தால் வயரைப் பிடுங்கி நேரே முடிந்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். இப்போதும் ஓட்டோவுக்கும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் திறப்பு என்பது வெட்டின இரும்புதான்; ஹாட்வெயார் கடைக்காரரே அராவிக் கொடுத்துவிடுவார். ஆனால் வாகன்ஆர், அக்குவா, அக்சியோ என்று ஏ35 வீதியில் இன்று ஓடுகிறவை அப்படிப்பட்டவை அல்ல. திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் விரல் நகத்திலும் சிறிய ஒரு சிப் இருக்கிறது. அதற்குப் பற்றரி கிடையாது. திறப்பை நுழைத்ததும் பூட்டின் வாயைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் 125 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு வாகனம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினை ஆளும் கொம்பியூட்டரான ஈ.சி.யூ. அதை ஓடவிடும். இதற்குப் பெயர் இமொபிலைசர். பல்லுப் பல்லாகச் சரியாக வெட்டின திறப்பாக இருந்தாலும் சிப் இல்லையென்றால் டாஷ்போட்டில் சிவப்பு விளக்கு மினுங்கும், அவ்வளவுதான்.

ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் புதிய கார்களுக்கு இது 1998இல் கட்டாயமானது. கனடாவில் 2007. அமெரிக்கா அப்படிச் சட்டம் போடவில்லை; அதனால் இமொபிலைசர் இல்லாமல் அங்கே விற்கப்பட்ட கியா, ஹுண்டாய் கார்களைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் டிக்டொக் பார்த்துப் பார்த்துக் களவெடுத்த கதை 2022இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தச் சிப் சும்மா ஒரு அலங்காரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

திறப்பைத் துலைத்த வாகனக்காரருக்கு இருக்கிற வழிகளை இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதலில் தெரிந்திருக்க வேண்டும். கொழும்பிலுள்ள வாகனக் கொம்பனி ஏஜென்ற் ஒரு வழி: காசு கூட, நாளும் கூட, வாகனத்தை ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ மெஷினோடு வருகிற ஆள் இன்னொரு வழி. அநேகமானோருக்கு இதுதான் பொருத்தம். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த ஈ.சி.யூ.வையும் இமொபிலைசர் பெட்டியையும் திறப்பையும் ஒரே செட்டாக வாங்கி மாற்றுவது பழைய மொடல்களுக்குச் சரிவரும். அதே பஞ்சிகாவத்தையில், பொத்தானால் ஸ்டார்ட் பண்ணும் வாகனத்துக்கான பாவித்த ஸ்மார்ட் திறப்பை மட்டும் மலிவாக வாங்கி வருகிறவர்கள் பாவம். டொயோட்டாவின் ஸ்மார்ட் திறப்பு ஒருதரம் ஒரு வாகனத்தோடு பதிந்துவிட்டால், அந்தப் பதிவை உடைத்து எடுக்காமல் இன்னொரு வாகனத்துக்குப் பழகாது. இமொபிலைசரை அடியோடு நிற்பாட்டிவிடுவது கடைசி வழி. அதைச் செய்துதரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வாகனத்துக்கு இருந்த ஒரே காவலைக் கழற்றிவிட்டு அதற்குக் கூலியும் வாங்குவது எனக்கு ஒத்துவராது.

வாகனம் வைத்திருக்கிறவர்களுக்கும் போகிற போக்கில் ஒன்று. கையில் ஒரு திறப்புத்தான் இருக்கிறதென்றால் இன்றைக்கே இரண்டாவதை அடித்து வையுங்கள். ஒன்று உயிரோடு இருக்கும்போது மற்றதைப் பதிவது சின்ன வேலை. எல்லாம் துலைந்த பிறகு கதவைத் திறந்து, பூட்டைப் பார்த்துத் திறப்பு வெட்டி, வாகனத்தின் நினைவை முழுதாக அழித்துத் திரும்ப எழுதவேண்டும். காசு பல மடங்கு. ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா சிலவற்றின் திறப்போடு ஐந்து இலக்கம் பொறித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்று தொங்கும். அதைக் குப்பை என்று எறிந்தவர்கள் பலர். திறப்பின் வெட்டு இலக்கம் அதுதான். வீட்டில் அலுமாரிக்குள் வையுங்கள். ஸ்மார்ட் திறப்பு வேலை செய்யவில்லை என்று பதறுவதற்கு முன் உள்ளே இருக்கும் சின்னப் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பல வாகனங்களில் திறப்பை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தாலே எஞ்சின் பிடிக்கும்.

இனிப் பிள்ளைக்கு வருவோம். இந்தத் தொழிலுக்குள் போகப் பல வாசல்கள் இருக்கின்றன.

படிக்கிற பிள்ளை ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவு எடுக்கட்டும். 2013இல் தொடங்கின அந்தப் பிரிவு இன்று எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலும் பழகிப்போன ஒன்று. கைவேலை பிடித்த பிள்ளைக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பரந்தனில் இறங்கி ஏ9 பஸ் மாறினால் போய்விடலாம். மோட்டார் வாகனத் துறையும் மின், இலத்திரனியல் துறையும் அங்கே ஒரே வளவுக்குள் இருப்பது இந்தத் தொழிலுக்கு மிகவும் தோது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. பயிலுநர் பயிற்சி அதிகார சபையான நைற்றா மூலம் ஒரு கராஜில் பயிலுநராகச் சேர்ந்து என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமை எடுக்கலாம். ஏற்கெனவே கராஜில் நின்று வேலை தெரிந்தவன், படித்த சான்றிதழ் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. அனுபவத்தை மதிப்பிட்டே என்.வி.கியூ. தருகிற முறை இருக்கிறது. நான்காம் மட்டம் வரை எடுத்தவன் முழுத் தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. இவற்றில் எது நல்லது, எது கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லாம் நல்லவைதான், வீட்டு நிலைமையைப் பார்த்து எடுங்கள்.

நான் கூடாது என்று சொல்வது ஒன்றைத்தான்: மாமாவின் காசில் மெஷின் வாங்கி, கொழும்பில் சில நாள் வகுப்புக்குப் போய், வந்ததும் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை போடுகிற வழி. இன்று மோகமாகியிருப்பதும் அதுதான்.

அந்த மெஷின்களைக் குறை சொல்லவில்லை. எக்ஸ்ஹோர்ஸ், ஆட்டெல், லொன்ஸ்டர் என்று வருகிறவை கெட்டித்தனமான சாமான்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சொக்கற்றில் கொழுவினால் வாகனத்தோடு பேசும். திரையில் ஒவ்வொரு படியாகக் காட்டும். வகுப்பில் சொல்லித் தருவதும் அந்தப் படிகளைத்தான்: எதை அமத்துவது, எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது, பிறகு எதை அமத்துவது. வகுப்பில் நிற்கிற வாகனம் நல்ல வாகனம். பற்றரி நல்லது, வயர் நல்லது, பியூஸ் நல்லது. எல்லாம் சரியாக நடக்கும். பெடியனும் தனக்குத் தொழில் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு ஊருக்கு வருவான்.

ஊரில் நிற்கிற வாகனம் அப்படியல்ல; அந்த வழி கூடாது என்பதற்கு முதல் காரணம் அது. மாரி மழையில் ஒருநாள் ஒரு அக்குவா ஸ்டார்ட் ஆகவில்லை. டாஷ்போட்டில் விளக்குகள் தாறுமாறாக எரிந்தன, ஒருதரம் திறப்பு இல்லை என்றும் காட்டியது. வாகனக்காரர் திறப்புப் பழுது என்று நினைத்து, புதிதாக மெஷின் எடுத்த ஒரு பெடியனைக் கூப்பிட்டார். அவனும் திறப்புத்தான் பிழை என்று முடிவெடுத்தான். அவனுக்குத் தெரிந்த வேலை திறப்பு. ஆகவே அவன் கண்ணுக்கு எந்த நோயும் திறப்பு நோய். மெஷினைக் கொழுவிப் பழைய பதிவுகளை அழிக்கக் கொடுத்தான். டொயோட்டாவின் அந்த முறையில் 16 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வாகனத்தின் 12 வோல்ற் பற்றரி முழுதாக இறங்கிவிட்டது. அழிந்தது அழிந்ததுதான், புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. அதுவரை சுகமாக இருந்த திறப்பையும் வாகனம் இப்போது யாரென்று கேட்டது.

என்னிடம் வந்தபோது பின் ஆசனத்தைத் தூக்கினேன். ஹைபிரிட் வாகனத்தில் பெரிய பற்றரியைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அக்குவாவுக்குப் பின் ஆசனத்தின் கீழே சாதாரண 12 வோல்ற் பற்றரியும் ஒன்று இருக்கிறது. கொம்பியூட்டர்கள் எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். அதன் முனையில் பச்சை பூத்திருந்தது. மீட்டரை வைத்தவுடன் நோய் தெரிந்துவிட்டது. பெடியன் வந்த அன்று மீட்டரை வைத்திருந்தால் ஒரு பற்றரியோடு கதை முடிந்திருக்கும். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வந்து, வெளியிலிருந்து நிலையான மின்சாரம் கொடுத்து, முழுவதையும் திரும்ப எழுதிக் கொடுத்தார். பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் மெஷின் இருந்தது, மீட்டர் இருக்கவில்லை. மீட்டர் வாங்கச் சொல்லி அவனுக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை.

மெஷினுக்கு வயது குறைவு என்பது இரண்டாவது காரணம். முதலில் வந்த சிப்களில் மாறாத ஒரு இலக்கம் மட்டும் இருந்தது. அதைப் பிரதி எடுப்பது லேசு. அடுத்து வந்தவை கேள்வி பதில் முறையில் மறையெழுத்துப் போட்டன. 40 பிட் மறையெழுத்தை 2005இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். கொம்பனிகள் 80 பிட்டுக்கும் 128 பிட்டுக்கும் போயின. ஒவ்வொரு தரமும் மெஷின்காரனும் புதுப் பதிப்பு விற்பான், வருடாவருடம் காசு கேட்பான். எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இன்று உடையார்கட்டில் ஓடுகிற பெரும்பாலான கார்கள் பழைய சிப் காலத்தவை. இனி இறங்குகிறவை வேறு. இன்றைய வாகனங்களைப் பார்த்து வாங்கின மெஷின், போட்ட காசு திரும்புவதற்குள் பழசாகிவிடும். அதோடு போலி மெஷின்கள்: பெட்டியும் பெயரும் ஒரிஜினல் மாதிரியே இருக்கும், இணையத்தில் புதுப்பிக்கப் போனால் செத்துவிடும். திறப்புக் கூட்டிலும் கவனம் வேண்டும். ஜப்பானில் ஓடப் பிறந்த வாகனத்தின் ரிமோட் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியது, ஐரோப்பாவுக்குப் போனது 433. தோற்றத்தைப் பார்த்து இணையத்தில் கட்டுக்கட்டாக வாங்கிவைத்துவிட்டு ஒன்றும் பதியவில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது காரணத்தைத் தாய் தகப்பன் அவசியம் யோசிக்க வேண்டும். இது அடுத்தவனின் வாகனத்தைத் திறந்து ஓட வைக்கிற தொழில். இரவில் ஒருவர் வந்து திறப்புத் துலைந்துவிட்டது என்பார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா, அடையாள அட்டை பார்த்தாயா, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வாங்கினாயா? லீசிங் முடியாத வாகனமென்றால் கொம்பனிக்குச் சொன்னார்களா? அவசரப்படுத்துகிற பெரிய மனிதரிடம் இத்தனை கேள்வியும் கேட்டு, பத்திரம் இல்லாவிட்டால் ஏலாது என்று சொல்ல 17 வயதுப் பெடியனுக்கு வாய் வருமா? பிறகு அந்த வாகனம் களவு வாகனம் என்று தெரியவந்தால் பொலிஸ் முதலில் தேடுவது திறப்பு அடித்தவனை. தொழிலில் நின்று பெயர் எடுத்த ஆளுக்கு அந்த நேரம் நாலு பேர் சாட்சி சொல்ல வருவார்கள். பெடியனுக்கு மாமா மட்டும்தான், அவரும் சுவிஸில்.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? வயரிங்கில். ஏ.எல். முடித்தாலும் சரி, அறிவியல் நகருக்குப் போனாலும் சரி, நைற்றாவில் சேர்ந்தாலும் சரி, நல்ல வயரிங் பாஸ் ஒருவரிடம் இரண்டு வருடம் நிற்காதவன் திறப்புத் தொழிலில் தேற மாட்டான். நான் வவுனியாவில் பழகியபோது என் பாஸ் முதலில் மீட்டரைத் தொடவே விடவில்லை. பழைய வாகனங்களின் விளக்கு, ஹோர்ன், வைப்பர் வயர்களை டெஸ்ட் லாம்பால் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வார். கண்டுபிடித்தால் ஏன் அங்கே மின்சாரம் வருகிறது என்று கேட்பார். சரியாகச் சொல்லும் வரை அடுத்த வேலை கிடையாது. அதற்குப் பிறகுதான் மீட்டர். ஈ.சி.யூ. வயருக்கு டெஸ்ட் லாம்பைப் பிடிக்கக்கூடாது, மீட்டர்தான் என்பதைக்கூட அப்படி ஒரு பாஸிடம் நின்றவன்தான் கையோடு பழகியிருப்பான். சில நாள் வகுப்பில் அதைச் சொல்ல நேரம் இருக்காது. சோல்டரிங்கும் அப்படியே. எல்லாத் திறப்பும் துலைந்த பழைய டொயோட்டா சிலவற்றில் பெட்டியைத் திறந்து எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன நினைவுச் சிப்பைக் கழற்றி வாசிக்க வேண்டியிருக்கும். அப்போது சூடு கொஞ்சம் கூடினால் பெட்டி போய்விடும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த மெக்கானிக்மார் இருந்த மண் இது. அவர்களிடம் எந்த மெஷினும் இருக்கவில்லை. எஞ்சின் ஏன் ஓடுகிறது என்று தெரிந்திருந்தது. போரோடு அந்தத் தலைமுறையில் பாதி இல்லாமல் போனதும் மீதி கலைந்து போனதும்தான், இன்றைய பெடியன் தொழிலை யூடியூப்பில் தேடுவதற்கு ஒரு காரணம். ஆனாலும் தேடினால் ஆட்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் விளம்பரம் எதுவும் போடாத, வாசலில் வாகனம் குறையாத வயரிங் பாஸ்மார் இருக்கிறார்கள்.

பிள்ளைக்கு இது பொருந்துமா என்று பார்க்கச் சான்றிதழ் தேவையில்லை. வீட்டில் பழுதான மின்விசிறியையோ பழைய ரேடியோவையோ கொடுத்துப் பாருங்கள். திறந்து பார்த்து, சரிவரவில்லை என்று அடுத்த நாளும் அதற்குப் பக்கத்தில் போய் இருக்கிறானா? அவனை அனுப்புங்கள். ஒரு மணித்தியாலத்தில் எறிந்துவிட்டுப் போன் பார்க்கிறவன் கெட்டவன் அல்ல. அவனுக்கு வேறு தொழில் இருக்கும். நிறங்களைப் பிரித்துப் பார்க்கக் கண் வேண்டும்: கறுப்பில் மஞ்சள் கோடு, கறுப்பில் வெள்ளைக் கோடு என்று ஒரே கட்டில் வரும் வயர்களை மாலை வெளிச்சத்தில் பிரிக்க வேண்டும். குனிந்து டாஷ்போட்டுக்குக் கீழே மல்லாந்து கிடக்க முதுகு வேண்டும். வாகனக்காரர் தலைக்கு மேலே நின்று முணுமுணுக்கும்போதும் அவசரப்படாமல் இருக்கிற மனம் எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். இது எந்தத் தொழிலுக்கும் பொதுவானதுதான். டொக்டராக்க நினைத்து ரியூசனுக்கு ஓட விடுகிற பிள்ளைக்கும் இதே பொறுமைதான் கேட்கப்படுகிறது; தையல் பழகுகிற பிள்ளைக்கும் அதேதான். தனக்குப் பிடித்த வேலையில் பிள்ளைக்குப் பொறுமை தானாக வரும். பக்கத்து வீட்டான் காசு உழைத்தான் என்பதற்காகத் திணித்த வேலையில் எவ்வளவு ஏசினாலும் வராது.

பெண் பிள்ளைகளை ஒருவரும் இந்தக் கேள்வியோடு கூட்டிவருவதில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சோல்டரிங்கும் சிப் வேலையும் பாரம் தூக்குகிற வேலை அல்ல, மேசையில் இருந்து செய்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற மாமாமாரே, சித்தப்பாமாரே, காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருடம் ஒரு நல்ல மல்ரிமீட்டர், ஒரு சோல்டரிங் அயன், பஸ் காசு, மத்தியானச் சாப்பாட்டுக் காசு. இவ்வளவும் மெஷின் விலையில் ஒரு சின்னப் பங்குக்குள் அடங்கும். இரண்டு வருடம் கழித்தும் பெடியன் வயரிங்கில் நின்றால் எந்த மெஷின், எந்தப் பதிப்பு, ஏன் என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான். அப்போது எடுத்துக் கொடுங்கள். தாய் தகப்பன்மார், என்னிடம் வருவதற்கு முன் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் போய், இந்த வருட உள்வாங்கல் எப்போது என்று கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கதைப்பது அவனாகவே இருக்கட்டும்.